இருபத்தேழாவது கேள்வி

கோரையாற்றுக்குத் தெற்கே நானூற்றுப் பன்னிரண்டு வீடு.
வீட்டுக்கு இருபத்திரண்டு நிமிடம்.
டேப்லெட்டில் மழைத்துளி விழுந்தால்
அதுவும் ஒரு பதிலை அழுத்திவிடும்.
சட்டைக்குள் மறைத்து மறைத்துக் கேட்டேன்.

தங்கள் குடும்பத்திற்குத் தற்போது கடன் உள்ளதா?
ஆம் எனில் ஒன்று. இல்லை எனில் இரண்டு.

பவுனம்மாள் நாற்றுப் பறித்த சேற்றுக்காலோடு
பைப்படியில் நின்றாள்.
"கடனா? ஒத்தப் பைசா கெடையாது தம்பி."
இரண்டு.
அடுத்த வீட்டிலும் இரண்டு, எதிர்வீட்டிலும் இரண்டு.
கயிறு பிடித்து நட்டது போல
தெரு நெடுக இரண்டுகள்.

தஞ்சாவூர் அலுவலகத்தில்
ஃபெலிசிட்டா மேடம் திரையை என் பக்கம் திருப்பினார்:
எழுபத்து மூன்று விழுக்காடு கடனே இல்லாத ஊர்.
"இந்த ஊருக்கு நாமளே குடிபோயிடலாம் போல" என்றார்.
பிறகு சிரிக்காமல்,
"ரெக்கார்டர் மட்டும் எடுத்துக்கோ. பத்துப் பேர் போதும்."

பத்தா? நான் புள்ளியியல் படித்தவன்.
ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதெல்லாம்
சீராக வெந்த பானைக்குத்தான் மேடம் என்றேன்.
"வெந்ததான்னு நான் கேக்கலையே.
உள்ள இருக்கறது சோறுதானான்னு பாத்துட்டு வா."

*

"புதன்கெழம காலையில வராத தம்பி, குழு இருக்கு."
குழு என்றால்?
"குழுதான். வாரம் ஆயிரத்து நூறு கட்டணும்."
அது கடன் இல்லையா அக்கா?
என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.
"கடன்னா வாங்கிட்டுக் கட்டாம இருக்கறது.
நான் ஒரு வாரம் தவறுனதில்ல."

காதில் ஈர்க்குச்சி. தோடு?
"பேங்குல இருக்கு" என்றாள்,
வெளியூருக்குப் படிக்கப் போன பிள்ளையைச் சொல்வது போல.
அண்ணன் கொடுத்தது கைமாத்து.
மளிகைக்கடையில் இருப்பது பத்து.
அறுப்புக்கு முன்னே வாங்கியது முன்பணம்.
எல்லாவற்றுக்கும் ஒரு பெயர் இருந்தது
நான் கேட்ட ஒரு சொல்லைத் தவிர.

நாற்பத்தேழு நிமிடம் பேசினாள்.
எழுதி முடிக்க எனக்கு ஆறு மணி நேரம்.
முப்பத்து நாலாவது நிமிடத்தில்
பெரியவளின் படிப்பு எதில் நின்றது என்று கேட்டிருக்கிறேன்.
பதில் இல்லை. தூரத்து போர்செட் ஓடுகிறது,
கோழி ஒன்று மைக்கைக் கொத்துகிறது.
அடைப்புக்குறிக்குள் எழுதினேன்:
மௌனம், பதினொரு வினாடி.
பழக்கதோஷம். அதையும் எண்ணியிருக்கிறேன்.

*

இருபத்தேழை உடைத்து ஏழாக்கினோம்.
குழு, கைமாத்து, நகை, முன்பணம்,
அவர்கள் வாய்ச்சொல்லே கேள்வியானது.
மறுபடி நானூற்றுப் பன்னிரண்டு வீடு.
தாளடி நடவுக்குள் முடிக்க வேண்டும்,
நாய்களுக்கு என் முகம் பழகிவிட்டது.

கடைசி நாள் பவுனம்மாள் வழிமறித்தாள்.
"என்ன மாதிரி எத்தன வீடு?"
பெயரைச் சொல்லத்தான் எனக்கு அனுமதி இல்லை.
முந்நூற்று எண்பத்தொன்று என்றேன்.

வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.
அத்தனை நாளில் முதல்முறையாக
நின்றபடி பேசாமல்
பைப்படிக் கல்லில் உட்கார்ந்தாள்.
"எனக்குத்தான் குடும்பம் நடத்தத் தெரியலன்னு நெனச்சேன்."

அவள் கதையை வரி வரியாக வைத்திருந்தவன் நான்.
அந்தக் கதையால் அவளை உட்காரவைக்க முடியவில்லை.
ஒரு எண் வேண்டியிருந்தது.

இதோடு முடித்திருப்பேன்.
ஆனால் நாற்றுமுடி எண்ணிக் கூலி வாங்கும் வேகத்தில்
அவள் கழித்துவிட்டாள்:
"மீதி முப்பத்தோரு வீடு எப்புடி ஓட்டுறாங்களாம்?
அதப் போயி உக்காந்து கேளு.
கையில அந்தப் பலகை வேணாம்."