பதினெட்டாவது

சிப்பி உடைக்கும் ஆலையில்
ஒன்பது வருடம் என் கைகள் நனைந்தே கிடந்தன.
ஊறிய தோல் தாழ்ப்பாள் போடாத கதவு என்று
பிற்பாடுதான் ஒருத்தி சொன்னாள்.
அப்போது தெரிந்ததெல்லாம்
கட்டைவிரல் முட்டியில் ஒன்று,
பிறகு அதன் தங்கை,
பிறகு ஒரு குடும்பமே.
படகின் அடியில் அப்பிய கொட்டலசு மாதிரி
சொரசொரவென்று.
கொட்டலசைக் கத்தியால் சுரண்டலாம்.
இதையும் சுரண்டினேன்.
ரத்தம் ஓடிய தடமெல்லாம்
அடுத்த மாதம் புதிது முளைத்தது.

தால்காவே தேவாலயத்தில்
சமாதானம் சொல்லிக் கைகொடுக்கும் நேரம்
ஷூ லேஸ் கட்டுகிறவள்போல் குனிந்துகொள்வேன்.
நான் போட்டிருந்தது ரப்பர் பூட்ஸ்.

சுகாதார நிலையத்து நர்ஸ் தாளில் எழுதினாள்:
தோல் மருத்துவர், புவேர்த்தோ மோந்த்.
ஏன், இந்தத் தீவில் இல்லையா?
"இங்கே பசுவுக்கு டாக்டர் உண்டு.
சால்மன் மீனுக்குக்கூட உண்டு.
தோலுக்கு இல்லை."
பட்டியலில் என் எண் அறுநூற்றுப் பன்னிரண்டு.
பதினான்கு மாதம் ஆகலாம்.
அதுவரை தினம் இரவு வெந்நீரில் ஊறவைத்து இந்த அமிலத்தைப் பூசு,
தேய்க்கும் கல்லை யாருக்கும் தராதே,
துண்டைத் தனியாக வை.
அவள் சொன்னதில் பாதி செய்தேன்.

மீதிப் பாதிக்கு ரோசாமெல் பாரியாவிடம் போனேன்.
வலைக்கு ஈயக்குண்டு விற்பார்.
மரு வாங்குவார்.
"எத்தனை?"
"பதினேழு."
மாபுச்சே பெண்ணின் முகம் பொறித்த நூறு பெசோவை
என் உள்ளங்கையில் வைத்து அழுத்தி
கையைக் குலுக்கினார்.
இனி அதுகளைப் பார்க்காதே, அதுகள் என் சொத்து என்றார்.
அடுத்தவர் சொத்தை உற்றுப் பார்ப்பது அழகா?
பார்க்கவில்லை.

பதினோராம் மாதம், ஆப்பிள் பிழிந்த அன்று,
கை கழுவி நிமிர்ந்தால்
வெறும் கை.
எல்லாம் சொல்லிக்கொள்ளாமல் போயிருந்தன,
மோதிரவிரல் நகக்கண்ணில் ஒன்றைத் தவிர.
எண்ணும்போது விட்டுப்போனது அது.
விற்காத சரக்கு.

அதற்கப்புறம் அழைப்பு வந்தது.
ஒரே ஒரு மருவுக்காக
பேருந்தோடு படகில் ஏறி சாக்காவோ நீரிணையைக் கடந்தேன்.
பக்கத்து இருக்கைக்காரர் டயாலிசிஸுக்குப் போகிறவர்.
உனக்கு என்ன என்று கேட்டார்.
பல்வலி என்று பொய் சொன்னேன்.

டாக்டர் யெவெனெஸ்
கையுறை மாட்டும் முன்பே என் கையை வாங்கிக்கொண்டார்.
ஒன்பது வருடத்தில் அதைத் தயங்காமல் பிடித்தவர்கள்
அவரும் ரோசாமெலும்தான்.
"மன்னிக்கணும், பதினெட்டு இருந்தது,
இப்போ ஒன்றுதான்" என்றேன்.
விற்ற கதையையும் சொன்னேன்.
சிரிக்காமல், "நல்ல விலை" என்றார்.
விளக்கைச் சாய்த்து, காய்ந்த மேல்தோலைச் சீவி,
கரும்புள்ளிகளைக் காட்டினார்.
வேர் இல்லையாம். அடைபட்ட ரத்தக் குழாய்களாம், மயிரிழையினும் மெல்லியவை.
வைரஸ் கீறல் வழியே நுழைந்து
வருடக்கணக்கில் வாடகையில்லாமல் குடியிருக்குமாம்.
ஒருநாள் உடம்பு விழித்துக்கொண்டு
யார் நீ என்று கேட்குமாம்.
எல்லா உடம்பும் கேட்பதில்லை.
"என்னுடையது போனது அமிலத்தாலா, நூறு பெசோவாலா?"
"தெரியாது.
உடம்பு ரசீது தருவதில்லை."

பிறகு திரவ நைட்ரஜன்.
வெண்புகை. பத்து வரை எண்ணச் சொன்னார்.
ஏழில் ஒரு கெட்ட வார்த்தை வந்தது,
எட்டில் இன்னொன்று.
போகாவிட்டால் மூன்று வாரத்தில் திரும்ப வா என்றார்.
கொப்புளம் கட்டியது, கறுத்தது,
எப்போது உதிர்ந்தது என்று தெரியவில்லை.
சூப்பில் விழவில்லை என்று நம்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை
முன்வரிசைக்கு, பின்வரிசைக்கு,
யாரென்றே தெரியாத சுற்றுலாக்காரனுக்கு,
எல்லோருக்கும் கைநீட்டினேன்.
ரோசாமெலுக்கும் நீட்டினேன்.
அவர் குனிந்து லேஸ் கட்டிக்கொண்டிருந்தார்.
அவர் போட்டிருந்ததும்
ரப்பர் பூட்ஸ்.