ஐந்தாவது கம்பம்

வானொலிக்கென்ன, வெனிஸில் உட்கார்ந்துகொண்டு
"ஓரளவு தெளிவு" என்கிறது.
இங்கே, பெல்லெஸ்த்ரீனா படகுத்துறையில்,
விளக்கு எரிவது
வெந்நீரில் உடைத்து ஊற்றிய முட்டை போல இருக்கிறது.

விதி எளிது.
என் ஜன்னலிலிருந்து காயலில் நட்ட
ஐந்தாவது கம்பம் தெரிந்தால்
கியோஜாவுக்குப் படகு போகும்.
இப்போது இரண்டு.
இரண்டாவதும், மேலே உட்கார்ந்திருக்கும் நீர்க்காகத்தை வைத்துக்
கண்டுபிடித்ததுதான்.

வடகிழக்கிலிருந்து போரா வீசினால் பத்து நிமிஷ வேலை.
வீசாது.
எதிர்வீட்டுக் கொடியில் சட்டைக் கை
நேற்றிலிருந்து அசையவில்லை.

காத்திருப்பவர் ஒன்பது பேர், ஒரு சைக்கிள்,
அவ்வப்போது துப்பும் ஒரு சாக்கு மட்டி.
துல்லியோ மட்டும் மூக்குக்கண்ணாடியைத்
துடைத்துத் துடைத்துப் பார்க்கிறார்.
அக்கரை ஆஸ்பத்திரியில் மனைவி.
பார்வை நேரம் பதினொன்றோடு சரி.

"மூணு" என்றார்.
இருக்கலாம்.
"நாலு."
நான் நிமிரவில்லை.
"அஞ்சு! அதோ நிவெஸ், அஞ்சு!"

அஞ்சாவதைப் போன செவ்வாய் இரவு
மணல் ஏற்றிவந்த தோணி இடித்து முறித்துவிட்டது.
அதற்குப் பிறகு இன்றுதான் மூடுபனி.
புதுசு நட இன்னும் ஆள் வரவில்லை.
அவருக்குத் தெரியாது.

குறிப்பேட்டில் ஒன்பது நாற்பது என்று எழுதி
எண்ணிக்கைக் கட்டத்தைக் காலியாக விட்டேன்.
ஹீட்டரை அவர் கால்பக்கம் திருப்பினேன்.
அக்கரையில் சங்கு ஊதியது, கம்மலாக, ஒரே தரம்.
அங்கேயும் ஒருத்தி
நம் பக்கத்துக் கம்பங்களை எண்ணிக்கொண்டிருப்பாள்.

நீர்க்காகம் எழுந்து போய்விட்டது.
இப்போது ஒன்று.