பதினேழாம் எண்

வாட்டர்டன் ஊரைத் தாண்டினால் ஏரி,
ஏரியைத் தாண்டினால் ஏற்றம்.
நாலரை மணி நேரம் ஏறினோம், நானும் ஹில்கா டைக்ஸ்ட்ராவும்.
முதுகில் ஒரு மீட்டர் சதுரச் சட்டம்,
கரடிக்கு மிளகாய்த் தெளிப்பான்,
எங்களுக்கு எலுமிச்சம் சாதம்.

மரம் முடிந்தது. பிறகு புல்லும் முடிந்தது.
சரளை மட்டும் மிச்சம்,
அதுவும் கால் வைத்தால் கிளம்பிப் போகிற சரளை.
இங்கேதான், என்றாள் ஹில்கா.
எனக்கு ஒன்றும் தெரியவில்லை.
குப்புறப் படு, என்றாள்.

படுத்தேன்.
நாலு விரல் உயரத்தில் ஒரு பாப்பி.
தரையோடு ஒரு பிடி இலை, இலையெல்லாம் மயிர்,
காம்பெல்லாம் மயிர். ஒரு காம்புக்கு ஒரு பூ,
ஒரு பூவுக்கு நான்கு இதழ்.
நிறம் சால்மன் என்கிறது படிவம்.
எனக்கு அது மைசூர்ப் பருப்பு, களைவதற்கு முன்னால்.
அதையும் எழுது, 'பிற குறிப்புகள்' காலியாகத்தானே இருக்கிறது,
என்றாள்.

இதன் வம்சத்தில் எனக்குத் தெரிந்த ஒரே ஆள் கசகசா.
குருமாவுக்குத் தேங்காயோடு அரைபடுவது;
என் அண்ணியின் தம்பியை
துபாய் விமான நிலையத்தில் மூன்று மணி நேரம் உட்காரவைத்தது.
இது யாரையும் உட்காரவைக்காது.
படுக்கத்தான் வைக்கிறது.

மொட்டு தலையைத் தொங்கப்போட்டிருக்கிறது,
நன்றாகத் திட்டு வாங்கியதுபோல.
பத்தே முக்காலுக்கு ஒன்று நிமிர்ந்தது.
இரண்டு புல்லிதழும் பிளந்து, கழன்று, விழுந்தன.
பூ விரியும் முன்பே அவற்றின் வேலை முடிந்துவிட்டது.
உள்ளே இதழ்கள் கசங்கியிருந்தன,
பெட்டியில் மடித்து வைத்த சட்டைபோல.
இஸ்திரி போட வெயில் வரவேண்டும்.

முற்றிய கதிர்தான் குனியும் என்று
கேட்டுக் கேட்டு வளர்ந்தவள் நான்.
இந்தச் செடியிடம் யாரும் அதைச் சொல்லவில்லை.
மொட்டில் குனிகிறது,
காய் முற்றியதும் விறைத்து நிற்கிறது.
காயின் தலையில் ஒரு மூடி, மூடிக்குக் கீழே துளைகள்;
உப்புக் குடுவையைக் கவிழ்த்துத்தானே தூவுவோம்?
இது நின்றபடி தூவும்.
காற்று வந்து ஆட்டும்வரை கொட்டாது.
அடக்கம் நெல்லுக்குச் சரி. அதை அறுக்க ஆள் இருக்கிறது.

தேன் ஒரு சொட்டும் இல்லை.
இருந்தும் ஓர் ஈ வந்து, கிண்ணத்தின் நடுவில் உட்கார்ந்து,
மகரந்தத்தைத் தின்றுவிட்டு, போக மனமில்லாமல்
கால்களைத் தேய்த்துக்கொண்டிருந்தது.
உள்ளே கதகதப்பாக இருக்குமாம்.
சுண்டுவிரலை விட்டுப் பார்த்தேன்.
விரல் ஏற்கெனவே மரத்திருந்தது. ஈயைத்தான் நம்ப வேண்டும்.

பதினாறு, உயிரோடு. பதினெட்டு, உயிரோடு.
பதினேழைக் காணோம்.
எண்தகடு அடித்த ஆணி இருக்கிறது, செடி இல்லை.
'இறந்தது' என்ற கட்டத்தில் பென்சிலை வைத்தேன்.
ஹில்கா மணிக்கட்டைப் பிடித்தாள்.

ஒரு முழம் கீழே இருந்தது அது.
மேல்கல் இரண்டை அவள் தூக்கினாள்:
வேர் கீழே போகவில்லை, மேலே போயிற்று,
ஆணியை நோக்கி, இழுபட்ட சரடாக, பழைய இடத்துக்கே.
சரிவு இறங்க இறங்கத் தலையை அதனோடு அனுப்பிவிட்டு
பிடியை மட்டும் விடாமல் இருந்திருக்கிறது.
கற்களை எடுத்த வரிசையிலேயே திரும்ப வைத்தாள்.
உள்ளங்கையளவு கல்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்தாள்.

படிவத்தில் மூன்று கட்டங்கள்:
உயிரோடு, இறந்தது, தெரியவில்லை.
முதலாவதில் குறியிட்டேன்.
பக்கத்தில் அம்புக்குறி ஒன்று போட்டேன், கீழ்நோக்கி.
அப்புறம் அதை அழித்து மேல்நோக்கிப் போட்டேன்.
எது சரி என்று அலுவலகத்தில் யாரும் கேட்கவில்லை.

ஆகஸ்டில் மறுபடி போனோம், விதை எடுக்க.
பத்துக் காய்க்கு ஒன்று, அதற்கு மேல் தொடக்கூடாது.
பதினேழில் ஒரே ஒரு காய். விட்டுவிட்டோம்.

இரவு விடுதி முற்றத்தில் காலுறையை உதறினேன்.
கறுப்பாக ஏதோ நாலைந்து சிமெண்டில் விழுந்தது.
மணலாக இருக்கலாம்.
லென்ஸ் ஹில்காவிடம் இருந்தது, அவள் தூங்கிவிட்டாள்.