உலை அணைந்த நாள்

வெள்ளி மதியமே துருத்தியின் வாயைக் கட்டிவிட்டான் அஸ்ரெஸ்.
அடுப்பில் நான் நீர் தெளித்தேன்.
ஒருமுறை சீறி அடங்கிற்று சாம்பல்.
இனி நாளை நட்சத்திரம் முளைக்கும்வரை
கோந்தர் மலைச்சரிவில் எங்கள் இருபது குடிசையில்
ஒரு பொறி இருக்காது.

அந்நேரம் பார்த்து வந்தான் நிலப்பிரபுவின் ஆள்,
கோவேறு கழுதைமேல், மடியில் முறிந்த கொழுவோடு.
"விடிந்தால் உழவு. இப்போதே அடி."
இன்று ஆகாது என்றான் அஸ்ரெஸ்.
"கழுதைப்புலிக் கூட்டத்துக்கு ஓய்வுநாள் ஒரு கேடா?"

இரவில் நாங்கள் கழுதைப்புலி ஆகிறோமாம்.
இரும்பை இளக்கத் தெரிந்தவனுக்கு
உடம்பை மாற்றவா தெரியாது என்று ஊர்ப்பேச்சு.

ஓரீத் புத்தகம் இரண்டு காரணம் சொல்கிறது.
ஆறு நாளில் உலகைச் செய்தவன்
ஏழாம் நாள் ஓய்ந்தான், அதனால்.
வேறோர் ஏட்டில்:
நீ எகிப்தில் அடிமையாயிருந்தாய், அதனால்.

முதலாவது எனக்குப் பிடிபடவில்லை.
ஆண்டவனுக்குத் தோள் வலிக்குமா?
இரண்டாவதை என் முழங்கை அறியும்.
செங்கல் அறுத்துக்கொண்டிருந்த எவளோ ஒருத்தி
அச்சைக் கீழே வைத்துவிட்டு,
பிசைந்த மண் காயக் காய
சும்மா உட்கார்ந்திருப்பாள், சவுக்கு வரும்வரை.
அன்று என்ன கிழமையோ, யார் கண்டது.
கிழமையைப் பிறகு கண்டுபிடித்திருப்பார்கள்.

நரகத்திலும் இன்று உலை அவிந்துவிடுமாம்.
சன்பத் தாய் வாதாடி வாங்கிய சலுகை;
எரிகிறவர்கள் ஒருநாள் மூச்சு விடுவார்கள்.
அங்கே துருத்தி ஊதுகிறவனும் ஓய்வானா?
அவனைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை.

மழை பிடித்துக்கொண்டது. ஆற்றில் வெள்ளம்.
அவன் திரும்பிப் போக வழியில்லை.
எங்கள் வாசல் அவன் மிதிக்கக் கூடாது,
அவன் நிழல்கூட எங்களுக்குத் தீட்டு.
வேலிக்கு வெளியே மாட்டுக்கொட்டிலில் ஒண்டினான்.
ஆறிய தாபோ ரொட்டியைக் கல்மேல் வைத்து
விலகி நின்றேன். தின்றான்.

"சேணத்தை இறக்கு. அதற்கும் இன்றுதான் நாள்."
முறைத்தான்.
பிறகு இறக்கினான்.
கழுதை முதுகெல்லாம் புண்.
அவனும் இப்போதுதான் பார்க்கிறான் போலும்.

சனி முழுதும் மழை.
அந்தியில் வெறித்து, ஒற்றை நட்சத்திரம்.
அஸ்ரெஸ் துருத்தியை அவிழ்த்தான். கொழு சிவந்தது.
சம்மட்டியை ஓங்கியவன் என்னைப் பார்த்தான்.
கொட்டிலில் அந்த ஆள்
வாய் பிளந்து உறங்கிக்கொண்டிருந்தான்.

கொஞ்சம் பொறு என்றேன்.
இரும்பை மறுபடி காய்ச்சிக்கொள்ளலாம்.