நாற்பத்தேழாம் கணு

என் கணினியில் மழை பெய்கிறது.
போன நவம்பர் பதினேழாம் தேதி மழை.
இன்று காலை மட்டும்
ஆறு முறை பெய்துவிட்டது.

சுங்கை தெபிங் டவுன் முழுக்க
இருநூற்றுப் பன்னிரண்டு கணுக்கள்,
நடுவே கோடுகள்.
கோடென்றால் வாய்க்கால், புள்ளியென்றால் லோங்காங் மூடி.
கோப்பிக்கடை இல்லை. தமிழ்ப்பள்ளி இல்லை.
பஸ் நிலையத்தில் குறுக்கே படுக்கும் நாய் இல்லை.
தண்ணீருக்கு இதெல்லாம் எதற்கென்று
மென்பொருள் எழுதியவன் நினைத்திருக்கலாம்.

மூன்றாம் பிரிவு செம்பனையாய் இருந்தவரை
நூறு துளி விழுந்தால் இருபது ஓடும்.
இப்போது அது தாமான் மெலாத்தி.
கூரை, தார், கார் நிறுத்தச் சிமெண்டு.
எண்பத்தைந்து ஓடும்.
ஒரு கட்டத்தில் ஓர் எண்ணை மாற்றி
என்டர் தட்டினால்
ஆயிரம் ஏக்கர் தோட்டம் போய்விடுகிறது.
அன்றைக்கும் இவ்வளவு சத்தம்தான் கேட்டிருக்கும்
ஏதோ ஓர் அலுவலகத்தில்.

விடை வந்தது.
நாற்பத்தேழாம் கணுவில் பத்து சென்டிமீட்டர்.
கணுக்கால் அளவு. பச்சை நிறம்.
"ஓகேதானே," என்று அஸ்லினா
மைலோ கலக்கப் போனாள்.

நாற்பத்தேழில் அமிர்தவல்லியின் மளிகைக்கடை இருக்கிறது.
அளவுகோலை எடுத்தேன். சிரித்தாள்.
"ஐஸ்பெட்டிக்கு அடியில எண்ணிக்குங்க."
ஏழு செங்கல்.
"வெள்ளத்துக்கு ஒண்ணு இல்ல, மேடம்.
நட்டமான வெள்ளத்துக்கு ஒண்ணு.
ஏழாவது, நவம்பருக்கு அப்புறம் வச்சது."
எவ்வளவு உயரம் வந்தது அன்றைக்கு?
கல்லாவின் இழுப்பறைகளைக் கீழிருந்து இழுத்தாள்.
முதலாவது அசையவில்லை.
இரண்டாவது பாதி வந்து சிக்கியது, ஊறிய பலகை.
மூன்றாவது வழுக்கிக்கொண்டு வந்தது,
சில்லறை குலுங்க.
"இந்த ரெண்டுக்கும் நடுவுல."
நாற்பத்தேழு சென்டிமீட்டர்.

மிச்சம் முப்பத்தேழு எங்கிருந்து வந்தது?

நில அளவையர் கோ சுன் வெய்
கடைக்குப் பின்னால் லாலான் புல்லை விலக்கியபடி நடந்தார்,
பாம்புக்குப் பயந்து மலாயில் பாடிக்கொண்டே.
அங்கே இருந்தது:
கணு இல்லை, கானு.
மலைச்சரிவு நீரை ஓட்ட
எப்போதோ தோட்டத்தில் வெட்டிய எல்லைக்கானு.
எந்த வரைபடத்திலும் ஏறாதது.
அதன் வாயில் ஒரு குழாய்,
குழாயின் வாயில்
ஒரு இரட்டைக்கட்டில் மெத்தை.

மெத்தையை எழுத மென்பொருளில் கட்டம் இல்லை.
சொரசொரப்பு எண்ணை உயர்த்தினேன்.
ஏழாம் முறையாக நவம்பர் பெய்தது.
சிவப்பு. நாற்பத்தாறு.
ஒரே ஒரு சென்டிமீட்டர் பிழை!
கைதட்டிவிட்டேன்.
அப்புறம்தான் உறைத்தது,
ஒருத்தியின் கல்லாப்பெட்டிக்குள்
தண்ணீர் சரியாகப் புகுந்ததற்குக் கைதட்டுகிறேன்.

குழாயைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
நாற்பத்தேழு பச்சையானது,
அறுபத்தொன்று சிவந்தது.
அங்கே மலிவுவிலை அடுக்குமாடி,
தரைத்தளத்தில் ஒரு டயாலிசிஸ் நிலையம்.
அறுபத்தொன்றுக்கு மதில் எழுப்பினேன்.
எழுபது சிவந்தது.
கடன்காரனைத் திண்டாடவிட்டு
அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல
போய்க்கொண்டே இருந்தது தண்ணீர்.

டவுனுக்கு மேலே ஒரு காலி நிலம் மிச்சம்,
நாலு ஏக்கர், 'இரண்டாம் கட்டம், முன்பதிவு நடக்கிறது.'
அதில் ஒரு குளம் வரைந்தேன்.
எல்லாம் பச்சை.
ஏக்கர் என்ன விலை என்று
மென்பொருள் கேட்கவில்லை.
நாளைக் கூட்டத்தில்
முதல் கேள்வியே அதுதான்.

போன் அடித்தது.
"மேடம், செங்கல் விலை இருபது காசு ஏறிடுச்சாம்.
எட்டாவது வாங்கி வைக்கட்டுமா, வேணாமா?"

ஒரு நிமிஷம் என்றேன்.
திரையில் மழை ஓடிக்கொண்டிருந்தது,
முப்பத்தெட்டு விழுக்காடு.