ஆறாம் நம்பர்

திருமங்கலத்தில் டாக்டர் குணபாலனிடம்
ஒற்றைப்படை டோக்கன் போனில் கேட்கிறவர்களுக்கு,
இரட்டைப்படை நேரில் வருகிறவர்களுக்கு.
ஏழு மணி வரை போனை எடுக்க மாட்டார்கள்.
ஏழுக்கு மேல் பிஸி.

அதனால் நாலரைக்கே வந்துவிட்டேன்,
காய்ச்சல்காரப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு.
எனக்கு முன்னால் மூன்று பேர்:
ஒரு ஹெல்மெட்,
ஒற்றைச் செருப்பு,
அரைச் செங்கல்.
செங்கல்லில் சாக்பீஸால் 'பேச்சி'.

ஹெல்மெட்டும் செருப்பும் டீக்கடையில் நின்றார்கள்.
பேச்சியை யாரும் பார்க்கவில்லை.
"கப்பலூர் மில்லுல நைட் ஷிப்டா இருக்கும்" என்றது ஹெல்மெட்.
வாசல் கூட்டுகிறவள் வந்தாள்.
அவரவர் பொருளை அவரவர் தூக்கினார்கள்.
செங்கல்லை நான் தூக்கினேன்,
கூட்டி முடித்ததும் அதே இடத்தில் வைத்தேன்.

ஆறு மணிக்கு ஷட்டர் ஏறியது.
"ஆறு யாருப்பா?" கம்பவுண்டர் சேதுராசு.
பிள்ளை என் கழுத்தில் அனலாய் மூச்சு விட்டான்.
நான்தான் என்று சொல்லியிருக்கலாம்.
செங்கல் சாட்சி சொல்லாது.
"வந்துருவாக" என்றேன்.
நோட்டில் பெயரெழுதி, வயசுக்குக் கோடு இழுத்து
மஞ்சள் அட்டையை என்னிடமே நீட்டினார்.

பத்தேகாலுக்கு ஆறைக் கூப்பிட்டார்கள்.
இரண்டு தரம்.
ஏழாம் நம்பர் காரிலிருந்து இறங்கி உள்ளே போனது.

பஸ்ஸில் சில்லறைக்குப் பையைத் துழாவியபோது
அந்த அட்டை.
பேச்சியம்மாளோ, பேச்சிமுத்துவோ,
என்ன நோவோ.

நாளை மறுநாள் பிள்ளையைத் திரும்பக் காட்டணும்.
நாலரைக்குப் போவேன்.
செங்கல் அங்கே இருக்கக் கூடாது.