இரண்டும் கெட்டான்

ஒலோமொவுட்ஸிலிருந்து பார்சலில் வந்திருந்தது
சாம்பல் நிறத் தூசி உறிஞ்சி ஒன்று.
கூடவே வ்லாஸ்தா கொலாரோவாவின் கடிதம்:

"சனிக்கிழமை காலை, ஜன்னலில் வெயில் விழும் நேரம்
இதை ஓட்டுகிறேன்.
வெயிலில் பார்த்தால் தூசி குறையவில்லை, கூடுகிறது.
அடுத்த அறையில் என் மகன் வோய்த்தெக்
இருமத் தொடங்குகிறான்.
பெட்டிமேல் 'முழுவதும் மூடியது' என்று அச்சிட்டிருக்கிறீர்கள்.
எதை மூடினீர்கள்?"

புர்னோவில், எங்கள் சோதனைக்கூடத்தின் கீழ்த்தளத்தில்
ஒரு கண்ணாடி அறை.
அதற்குள் வைத்து உப்புத் துகளை ஊட்டினேன்.
உள்ளே போனது எத்தனை, வெளியே வந்தது எத்தனை,
எண்ணுவதுதான் என் பிழைப்பு.

வெளிவாயில் நாலாயிரத்துச் சொச்சம்.
பொஹுமீர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து
"வடிகட்டி போச்சு" என்றான்.
அவனுக்கு எல்லாமே வடிகட்டிதான்.

கழற்றித் தனியே சோதித்தேன்.
சல்லடை இல்லை அது,
கண்ணாடி இழையால் ஆன வைக்கோற்போர்.
இழையைக் கண்டால் காற்று வளைந்து போகும்.
கனத்த துகளுக்கு வளையத் தெரியாது,
நேரே போய் முட்டி அங்கேயே ஒட்டிக்கொள்ளும்.
மிக மிகச் சின்னது, காற்றிடம் இடிபட்டு இடிபட்டு
கள் குடித்தவன்போல் தள்ளாடி
ஏதோ ஓர் இழைமேல் சாய்ந்துவிடும்.
நடுவே ஒன்று இருக்கிறது:
முட்டக் கனமில்லை, தள்ளாட மெலிவில்லை,
மில்லிமீட்டரை மூவாயிரமாய் நறுக்கினால் ஒரு துண்டு,
அதற்கும் ஒரு பொட்டு குறைவு.
இரண்டும் கெட்டான்.
தப்பித்தால் அதுதான் தப்பிக்கும்.
அதை வைத்துத்தான் பரீட்சையே.

தப்பவில்லை.
வடிகட்டி நிரபராதி.

அப்படியென்றால் காற்று வேறு வழி பார்த்திருக்கிறது.
காற்றுக்குக் கௌரவம் கிடையாது.
ராஜபாட்டை போட்டுக் கொடுத்தாலும்
சந்து கண்டால் சந்தில் நுழைந்துவிடும்.

திரும்பப் பொருத்தி, மானியின் முனையை
விளிம்போரமாய் நகர்த்தினேன், நத்தை வேகத்தில்.
வலது கீழ் மூலையில் எண் துள்ளியது.
திறந்து, விளக்கைச் சாய்த்துப் பார்த்தால்
ரப்பர் வளையத்தின் குறுக்கே
ஒரே ஒரு ரோமம்.
இஞ்சி நிறம். நுனியில் வெள்ளை.
அதன் இரு மருங்கும் ரப்பர் தூக்கி நின்றிருக்கிறது,
கதவிடுக்கில் யாரோ கால் வைத்ததுபோல.

இடுக்கியால் எடுத்தேன். துடைத்தேன். அழுத்தி மூடினேன்.
பூஜ்யம்.
பூஜ்யம்.
தரையெல்லாம் பெருக்கித் தின்ற வாய்,
பின்பக்கம் அதன் மூச்சு மட்டும் இத்தனை சுத்தம்.

மூன்று. ஒன்பது. நாற்பது.
"மறுபடியுமா?" என்றான் பொஹுமீர்.
இல்லை. அதுவரை மூச்சைப் பிடித்து வைத்திருந்தேன்.
இப்போது விட்டேன், குனிந்தபடியே,
கம்பளிச் சட்டையோடு.
அந்த அறையில் இனிக் கசிவது
நான் ஒருத்திதான்.

அறிக்கையில் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு.
பூனை என்று எழுதினால்
இன்று இரவே அதைக் கூடையில் போட்டு
யார் வீட்டுக்காவது அனுப்பிவிடலாம்.
ஏதோ நூலிழை என்று எழுதினால்
பையன் இருமிக்கொண்டே
அதைக் கட்டிப்பிடித்துத் தூங்கலாம்.
அல்லது இருமலுக்கும் பூனைக்கும்
சம்பந்தமே இல்லாமலும் இருக்கலாம்.
எனக்கு எண்ணத்தான் தெரியும்.

பேனாவை வைத்துவிட்டு
ரோமத்தையே அந்தக் கட்டத்தில் வைத்து
மேலே டேப் ஒட்டினேன்,
காற்றுக்குமிழி இல்லாமல்.
நிறம் அவர்களுக்குத் தெரியும்.